கழுத்துவலிக்கு மாத்திரை மட்டும் போதுமா?

பீடிக் கடையில் அன்றைய கணக்கை ஒப்படைத்து, மறுநாளுக்கான இலையையும் தூளையும் வாங்கிக்கொண்டு திரும்பும் பெண்கள், வீட்டுக்குப் போகும் வழியில் மெடிக்கல் ஷாப்பில் ஒரு நிமிஷம் நிற்பார்கள். தென்காசி மாவட்டத்துக் கடையத்தில் மட்டுமல்ல, பாவூர்சத்திரம், ஆலங்குளம், முக்கூடல் என்று பீடி சுற்றும் ஊர் எதிலும் காணலாம்.

“தம்பி, கழுத்துக் கடுப்புக்கு ரெண்டு செட்டு குடுப்பா.”

“வெறும் வயித்துல போட்றாதீங்கத்தே.”

ஆலோசனை முடிந்தது. காகிதத்தில் மடித்துத் தரும் அந்தச் செட்டில் என்ன இருக்கிறது என்று அத்தைக்குத் தெரியாது. பெரும்பாலும் ஒரு டைக்ளோஃபெனாக், வயிற்றுக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று. சில இடங்களில் ஸ்டீராய்டும் சேரும். சேர்ந்தால் அன்றைக்கே சொர்க்கம், சில வருஷத்தில் சர்க்கரையும் எலும்புத் தேய்மானமும். வருஷக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கியவர்கள் சிறுநீரகத்தைத் தொலைத்துவிட்டு வருவதும் நடக்கிறது. இந்த மாத்திரைகள் எதுவும் எடுபடாத கட்டத்தில் மருத்துவரின் சீட்டில் ஏறுபவை டிராமடால், டபென்டடால். இவை அபின் குடும்பத்து மருந்துகள். மார்ஃபின் மூளையில் எங்கே வேலை செய்கிறதோ, அங்கேயே இவையும் வேலை செய்கின்றன. எலும்பு முறிந்தவருக்கும் அறுவை சிகிச்சை முடிந்தவருக்கும் சில நாளுக்கு இவை வரம்தான். மாதக்கணக்கில் நீடிக்கும் கழுத்துவலிக்கு?

வலி எங்கே தொடங்குகிறது என்று முதலில் பார்ப்போம். சம்மணமிட்ட மடியில் தட்டு. நனைத்துப் பதமாக்கிய இலையைக் கத்தரியால் வெட்டி, தூளை நிரப்பி, இரு கை விரல்களாலும் உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்ற வேண்டும். 25 சேர்ந்தால் ஒரு கட்டு. ஆயிரம் பீடிக்கு 40 கட்டு. இவ்வளவும் முடியும்வரை தலை குனிந்தே இருக்கும். குனியக் குனிய, தலையின் பாரம் கழுத்துத் தசைக்குப் பல மடங்காகிறது. தோள்பட்டை முன்னால் வளைந்துகொள்கிறது. விரல் கணு, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் என்று வலி இடம் பிடிக்கிறது. கூலி பீடிக் கணக்குக்கு; எழுந்து நடந்தால் கணக்கு குறையும். ஆகவே எழுந்து நடப்பதில்லை.

3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். அந்தக் கட்டத்தில் பலருக்கு ஒரு விசித்திரம் நடக்கிறது. காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் ஆறுவதில்லை. பூனை ஏறினாலே அலறும் கார் அலாரம்போல, சின்ன அசைவுக்கும் பெரிய வலியைக் காட்டுகிறது. 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் இருவர், வலிச் செய்தி மூளைக்கு அப்படியே போய்ச் சேர்வதில்லை, தண்டுவடத்திலேயே அது கூட்டப்படுகிறது அல்லது குறைக்கப்படுகிறது, மூளையிலிருந்து இறங்கும் கட்டளையும் அதில் கை வைக்கிறது என்று எழுதினார்கள். பயம், தூக்கமின்மை, கடன், மகளின் கல்யாணக் கவலை எல்லாம் வலியைக் கூட்டுவது இப்படித்தான். இதைச் சொன்னால், “அப்ப நான் நடிக்கேன்னு சொல்லுதீகளா?” என்று கோபம் வரும். நியாயமான கோபம். வலி நிஜம். அது பெருகும் இடம் கழுத்துக்கு வெளியிலும் இருக்கிறது என்பதுதான் செய்தி.

இந்தியாவில் அபின் வகை மருந்தின் கதைக்கு இரண்டு முகம் உண்டு, இரண்டும் அசிங்கமானவை. ஒரு பக்கம், புற்றுநோய் முற்றியவருக்கு மார்ஃபின் கிடைக்காத கொடுமை. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு அனுமதியோடு கசகசாச் செடி பயிராகிறது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு அபின் ஆலைகள் இருக்கின்றன. ஆனாலும் 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபினைத் தொடவே தயங்கின. செங்கோட்டை தாண்டினால் வரும் கேரளத்தில், திருவனந்தபுரத்து பாலியம் இந்தியாவின் மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்கள் பல வருஷம் போராடிய பிறகு 2014-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது.

மறுபக்கம், மாத்திரைக் கள்ளச்சந்தை. எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியக் கணக்கெடுப்பு 2019-ல் வெளியானது. இந்தியாவில் அபின் வகைப் பொருட்களைப் பயன்படுத்துகிறவர்கள் ஏறத்தாழ 2.26 கோடி என்றது அது. அவர்களில், இந்த வகை மருந்துகளைப் போதைக்காக எடுப்பவர்கள் மக்கள்தொகையில் 1 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. டிராமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. உடனே சந்தை டபென்டடாலுக்குத் தாவியது. தமிழ்நாட்டில் ‘போதை மாத்திரை விற்ற வாலிபர்கள் கைது’ என்ற செய்தியில் அடிபடும் மாத்திரை பெரும்பாலும் அதுதான். பையன்கள் அதைப் பொடித்து, கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். அம்மாவின் இடுப்பு வலிக்கு எழுதிய அட்டையும் அலமாரியில் இருக்கிறது என்பதை வீட்டுக்காரர்கள் மறக்கக் கூடாது.

அமெரிக்கா போன பாதை நமக்கு வேண்டாம். 1996-ல் பர்டியூ நிறுவனம் ஆக்ஸிகான்டின் மாத்திரையைப் பயமில்லாமல் சாப்பிடலாம் என்ற தொனியில் விற்கத் தொடங்கியது. 2021-ல் அங்கே போதைப்பொருளும் மருந்தும் அளவு மீறி இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இத்தனைக்கும் அந்த மருந்துகள் நாள்பட்ட வலியைத் தீர்த்தனவா? மினசோட்டாவில் முதுகுவலி, மூட்டுவலிக்காரர்கள் 240 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருஷம் கவனித்தார்கள். 2018-ல் முடிவு வந்தது: அபின் வகை மருந்து வாங்கியவர்கள், பாரசிட்டமால் போன்ற சாதாரண மருந்து வாங்கியவர்களைவிட எந்த விதத்திலும் நன்றாக நடமாடவில்லை.

மாத்திரைக்குப் பதில் என்ன என்று கேட்டால், ஒரு பழைய தலைவலிக்காரரின் கதையிலிருந்து தொடங்க வேண்டும். மாண்டலேயில் பிறந்த வியாபாரி சத்ய நாராயண் கோயங்கா. ஒற்றைத் தலைவலி தாங்காமல் மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர். இப்படியே போனால் ஊசிக்கு அடிமையாகிவிடுவீர்கள் என்று மருத்துவர் எச்சரித்தார். வெளிநாட்டு வைத்தியமும் பலிக்கவில்லை. 1955-ல் ரங்கூனில் ஊ பா கின் என்ற அரசு அதிகாரியிடம் விபஸ்ஸனா தியானம் கற்கப் போனார். தலைவலிக்காக வந்திருக்கிறேன் என்றதும் அந்த ஆசிரியர் சேர்க்க மறுத்துவிட்டாராம். மனசைச் சுத்தப்படுத்த வருவதானால் வா, தலைவலி போனால் அது கூட வரும் பலன் என்றாராம். இதே கோயங்காதான் 1969-ல் இந்தியா வந்து அந்தத் தியானத்தைப் பரப்பினார்.

அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1979-ல், மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின், மருத்துவர்கள் கைவிரித்த நோயாளிகளை வைத்து மதச் சாயம் இல்லாத கவனப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். மைண்ட்ஃபுல்னெஸ் என்று இன்று கைபேசிச் செயலிகளில் விற்பனையாகும் சங்கதியின் ஆஸ்பத்திரி வேர் அதுதான். இன்று அது 8 வார வகுப்பு. மூச்சைக் கவனிப்பது, உடம்பை உறுப்பு உறுப்பாகக் கவனிப்பது, மெதுவாக அசைவது. அவர் 1982-ல் வெளியிட்ட முதல் அறிக்கையே 51 நாள்பட்ட வலிக்காரர்களைப் பற்றியது.

பலன் எவ்வளவு? அளவோடு சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் அளந்துவிடுகிறவர்கள் அதிகம். 2016-ல் சியாட்டிலில் 342 முதுகுவலிக்காரர்களிடம் செய்த ஆய்வில், 26 வாரத்தில் கவனப் பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 60 பேர் குறிப்பிடத்தக்க அளவு நடமாட்டம் தேறினார்கள். வழக்கமான சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களில் 44 பேர். மனநல ஆலோசனை முறையான சிபிடி பெற்றவர்களோ 58 பேர். ஆக, கவனப் பயிற்சி மந்திரமல்ல. உதவும் வழிகளில் ஒன்று. அபின் வகை மருந்து விஷயத்தில் இன்னும் தெளிவான சேதி யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர் எரிக் கார்லண்டிடமிருந்து 2022-ல் வந்தது. வலிக்காக வாங்கிய மாத்திரையை முறை தவறிச் சாப்பிட்டுவந்த 250 பேர். 8 வாரக் கவனப் பயிற்சி முடிந்து 9 மாதம் கழித்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 45 பேர் அந்தப் பழக்கத்திலிருந்து வெளியே வந்திருந்தார்கள். சாதாரண ஆதரவுக் குழுவில் 24 பேர். அவருடைய பயிற்சியில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு: வலியைக் கவனிப்பதோடு நிறுத்தாமல், இன்பத்தையும் நின்று நிதானமாக வாங்கக் கற்றுக்கொடுப்பது. மாத்திரைக்குப் பழகிய மூளை சின்னச் சின்ன சந்தோஷங்களை மறந்துவிடுகிறதாம். ஜூன் மாதத்துச் சாரலை முகத்தில் வாங்கத் தெரிந்த தென்காசிக்காரருக்கு இந்தப் பாடம் சுலபம்.

இதெல்லாம் பிசியோதெரபியோடு எங்கே கை கோக்கிறது? பயிற்சி மேஜையருகே நின்று பார்த்தால் புரியும். பிசியோதெரபிஸ்ட், “மோவாயை உள்ளே இழுத்து, கழுத்தை மெதுவாக வலப்பக்கம் திருப்புங்கம்மா” என்கிறார். பாதி தூரம் போனதும் அந்த அம்மா மூச்சைப் பிடிக்கிறார். பல் கடிபடுகிறது, தோள் காதுவரை ஏறுகிறது. வலி இன்னும் வரவில்லை. வரப்போகிறது என்ற பயம் வந்துவிட்டது. இப்படி இறுகிய தசைக்கு எத்தனை பயிற்சி கொடுத்தாலும் வலியில்தான் முடியும். இரண்டாம் நாள் செய்யமாட்டார், மூன்றாம் நாள் வரவே மாட்டார். பிசியோதெரபி தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அதே இடத்தில் அவரை நிறுத்தி, மூச்சை விடச் சொல்லுங்கள். தோளைக் கவனிக்கச் சொல்லுங்கள். கவனித்தாலே பாதி இறங்கிவிடும். இப்போது என்ன தெரிகிறது, குடைச்சலா, எரிச்சலா, வெறும் இழுப்பா? எந்த இடத்தில், எத்தனை அகலம்? கூடுகிறதா, குறைகிறதா? பதில் தேடும் நேரத்தில் ‘ஐயோ, நரம்பு அறுந்துபோகுமோ’ என்ற ஓட்டம் நிற்கிறது. கழுத்து இன்னும் ஒரு விரற்கடை திரும்புகிறது. அவ்வளவுதான். அந்த விரற்கடையை நாளுக்கு நாள் கூட்டுவது பிசியோதெரபியின் வேலை. கூட்டும்போது பயப்படாமல் இருக்கவைப்பது கவனப் பயிற்சியின் வேலை. வீட்டிலும் இதற்குத் தனி நேரம் தேவையில்லை. ஒரு கட்டு முடிந்து நூலைக் கத்தரிக்கும்போது தலையை நிமிர்த்தி, தோள்பட்டை இரண்டையும் பின்னால் சேர்த்து, மூன்று மூச்சு. 40 கட்டுக்கு 40 முறை. முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகான பிசியோதெரபியில் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகள் அமெரிக்காவில் நடந்துவருகின்றன.

நம் ஊரில் உடம்பைத் தொட்டு வைத்தியம் பார்ப்பது புதிதில்லை. கடையத்துக்குப் பக்கத்துத் தோரணமலை, அகத்தியரும் தேரையரும் வைத்தியம் பார்த்த மலை என்பது ஊரார் நம்பிக்கை. குற்றாலத்தில் அருவிக்கு முன்னால் எண்ணெய் மசாஜ் வரிசை. சித்த மருத்துவத்தில் தொக்கணம், வர்மம். சுகமாகத்தான் இருக்கும், தசைப் பிடிப்பு தளரவும் செய்யும். ஆனால் இதிலெல்லாம் நோயாளி படுத்திருக்கிறார், வேறொருவர் வேலை செய்கிறார். நாள்பட்ட வலியில் நோயாளிதான் வேலை செய்தாக வேண்டும்.

அதைச் செய்ய வைக்க முடியும் என்பதற்குச் சாட்சி தென்காசி மாவட்டத்திலேயே ஆய்க்குடியில் இருக்கிறது. பொறியியல் மாணவர் எஸ்.ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தனக்குச் சிகிச்சையளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சியை அந்தச் சங்கம் நடத்துகிறது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய்ச் சிகிச்சை கொடுக்கிறார்கள். வீடு தேடிப் போகும் பிசியோதெரபி இந்த மண்ணில் நடக்கிற காரியம்.

அரசிடமும் வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பிபி, சுகர் மாத்திரையோடு பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கு வருகின்றன. அந்தச் சேவை முதலில் மனத்தில் வைத்தது பக்கவாதம் வந்தவர்களையும் படுக்கையில் கிடப்பவர்களையும். தட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டுக்கும் நர்ஸுக்கும் மூச்சு, உடல் கவனப் பயிற்சியைச் சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே இருக்கும் மத்திய அரசு மருத்துவமனையில் தொடங்கினால் இன்னும் பொருத்தம்.

ஒன்றை மட்டும் மூடி மறைக்கக் கூடாது. கவனப் பயிற்சி கூலியை உயர்த்தாது. முதுகு சாய்க்க ஒரு பலகை, உயரமான இருக்கை, மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கத் தோதான கணக்கு, இவற்றைக் கம்பெனி கொடுக்க வேண்டும். வாங்கித் தர அரசு வேண்டும். மூச்சைக் கவனி என்று சொல்லிவிட்டு ஆயிரம் பீடியை அப்படியே விட்டுவைத்தால், அது ஏமாற்று.

கடைசியாக, மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு. இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே டிராமடாலையோ டபென்டடாலையோ தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், வயிறு போகும், தூக்கம் ஓடும்; வலி முன்னைவிட மோசமாகத் தோன்றும். அட்டையோடு மருத்துவரிடம் போய், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கக் கேளுங்கள். பிசியோதெரபிக்கு எழுதித் தரவும் கேளுங்கள். கை கால் திடீரென மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ மூச்சுப் பயிற்சி வேலைக்காகாது, உடனே ஆஸ்பத்திரி. வீட்டில் யாராவது மாத்திரைக்கு அடிமையாகியிருந்தால் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மன உளைச்சலுக்கு டெலி மானஸ் 14416. டெலி மானஸில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்; இரண்டு எண்ணுக்கும் கட்டணம் கிடையாது.