மலிவு விற்பனையும் உடுபுடைவையும்

தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, நத்தார் ஆகிய பண்டிகைகள் நெருங்குந்தோறும் நமது நாட்டுப் புடைவைக் கடைகளின் வாயில்களிலே 'மலிவு விற்பனை', 'விசேட கழிவு' என்னும் அறிவித்தல்கள் தோன்றுகின்றன. புறக்கோட்டையாயினும் யாழ்ப்பாணமாயினும் மட்டக்களப்பாயினும் ஹற்றனாயினும் இக்காட்சி ஒன்றே. இவ்விற்பனைகளால் நன்மை பெறுவோரும் உளர். நட்டம் அடைவோரும் உளர். இவ்விரு சாராருக்கும் இடையேயுள்ள வேறுபாடு யாது என்பதை ஆராய்வதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

துணி வாங்குவதற்கும் ஒரு பேச்சு வேண்டுமா எனச் சிலர் எண்ணக்கூடும். அரசாங்க ஊழியர் பலர் பண்டிகை முற்பணத்தைக் கொண்டே குடும்பத்தினருக்குத் துணி எடுக்கின்றனர். பெருந்தோட்டங்களிலே தீபாவளி முற்பணம் அவ்வாறே பயன்படுகின்றது. முற்பணம் என்பது கடன். பின்வரும் மாதங்களிலே சம்பளத்திலிருந்து சிறிது சிறிதாகக் கழிக்கப்படுவது. கடன் தீருமுன் உடை கிழிந்துவிடுமாயின், அக்குடும்பம் தன்னிடம் இல்லாத ஒரு பொருளுக்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றது. 2022ஆம் ஆண்டிலே நமது ரூபாவின் பெறுமதி வீழ்ந்தது. அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்திலே, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. பின்னர் அது தணிந்ததாயினும், ஏறிய விலைகள் பழைய நிலைக்கு மீளவில்லை. ஆதலின் ஒவ்வொரு ரூபாவும் எங்கே செல்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்பது கஞ்சத்தனமாகாது.

முதலாவதாக, வணிகர் ஏன் விலையைக் குறைக்கின்றார் என்பதை அறிதல் வேண்டும். விற்பனையாகாது அடுக்கிலே கிடக்கும் துணி அவருக்கு முடங்கிய முதல். புதுச் சரக்கு வருவதற்கு இடமும் வேண்டும். அதனைக் கொள்வனவு செய்வதற்குப் பணமும் வேண்டும். ஆகவே வாங்குவோர் வாராத காலத்திலே விலையைக் குறைத்து அவர்களை அழைக்கின்றார். ஆடி மாதத்திலே திருமணம் முதலிய மங்கல காரியங்கள் நடைபெறுவது அரிது. துணி வியாபாரம் மந்தமாகும். தமிழ்நாட்டிலே 'ஆடித் தள்ளுபடி' வழக்கில் வந்தது இதனாலேயாம். அமெரிக்காவிலும் இதனையொத்த வழக்கம் உண்டு. பிலடெல்பியா நகரத்து வணிகராகிய ஜோன் வனமேக்கர் என்பவர், 1878ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே, நத்தார் வியாபாரம் ஓய்ந்திருந்த வேளையில், படுக்கை விரிப்பு முதலிய வெள்ளைத் துணிகளை விலை குறைத்து விற்றார். 'வெள்ளை விற்பனை' எனப் பெயர்பெற்ற அவ்வழக்கம் பிற கடைகளுக்கும் பரவியது.

இவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. கடைக்குக் கூட்டம் வாராத காலத்திலேதான் உண்மையான விலைக்குறைப்பு நிகழும். தீபாவளிக்கு முதல் வாரத்திலே, மக்கள் தாமாகவே நெருக்கியடித்து வரும்போது, விலையைக் குறைக்கவேண்டிய கட்டாயம் வணிகருக்கு இல்லை. ஆகவே பண்டிகை முடிந்த பின்னர் வரும் வாரங்களிலே, வளர்ந்தோருக்கு வேண்டிய சேலை, வேட்டி, சாறம், சேட்டு ஆகியவற்றை அடுத்த பண்டிகைக்கென வாங்கி வைப்பது சிக்கனமாகும். வளரும் பிள்ளைகளுக்கு மாத்திரம் இது முற்றாகப் பொருந்தாது. அவர்களுக்குத் தைத்த உடையை முன்கூட்டி வாங்காது, நல்ல துணியை வாங்கி வைத்து, வேண்டிய காலத்திலே அளவெடுத்துத் தைப்பித்தல் நன்று.

இனி, அறிவித்தற் பலகையிலுள்ள கணக்கைக் கவனிப்போம். '50 சதவீதக் கழிவு. அதன்மேல் மேலும் 20 சதவீதம்' என எழுதியிருந்தால், மொத்தக் கழிவு 70 சதவீதம் எனப் பலர் கருதுகின்றனர். 1,000 ரூபாப் பொருள் முதற் கழிவினால் 500 ரூபாவாகும். இரண்டாங் கழிவு அந்த 500 ரூபாவுக்கே உரியது. அஃதாவது 100 ரூபா. ஆகவே நாம் கொடுப்பது 400 ரூபா. கழிவு 60 சதவீதமேயாம். 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பதும் மூன்றில் ஒரு பங்கு கழிவுதான். அதுவும் மூன்று நமக்குத் தேவையாயிருந்தால் மட்டுமே. ஒன்று போதுமானவர் மூன்றைக் கொண்டு வருவாராயின், ஒன்றின் விலைக்குப் பதிலாக இரண்டின் விலையைக் கொடுத்தவராகின்றார். விலையை முன்னர் உயர்த்திப் பின்னர் குறைத்துக் காட்டுதலும் சில இடங்களில் உண்டு. வெட்டப்பட்ட பழைய விலையை நோக்காது, கொடுக்கவேண்டிய விலைக்கு அப்பொருள் தகுமா என்று நோக்குக.

தகுதியை அளப்பதற்கு எளிய வழியொன்று கூறுவேன். உடையின் விலையை, அதனை எத்தனை முறை உடுக்கலாம் என்னும் எண்ணாற் பிரித்துப் பாருங்கள். ஓர் எடுத்துக்காட்டாக, 1,500 ரூபாவுக்கு வாங்கிய சேட்டு 15 முறை தோய்த்தவுடன் நிறம் மங்கி உடுக்கத் தகாததாகின்றது எனக் கொள்வோம். ஒருமுறை உடுப்பதற்கு 100 ரூபா செலவாகின்றது. 3,600 ரூபாவுக்கு வாங்கிய மற்றொன்று 90 முறை உழைக்குமாயின், ஒருமுறைக்கு 40 ரூபாவேயாகும். விலை கூடிய சேட்டே இங்கு மலிவானது. அந்த 3,600 ரூபாச் சேட்டு மலிவு விற்பனையிலே 2,700 ரூபாவுக்குக் கிடைக்குமாயின், செலவு 30 ரூபாவாகக் குறையும். கழிவு விற்பனையின் உண்மையான பயன் இதுவே: நல்ல பொருளை நமது கைக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவருதல். அகல உழுவதினும் ஆழ உழு என்னும் முதுமொழி அலுமாரிக்கும் பொருந்தும்.

ஆயின் நல்ல துணியை அறிவது எவ்வாறு? விலை உயர்ந்ததெல்லாம் தரமுள்ளதன்று. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பாவும் ஊடையும் ஒரே சீராக நெருங்கியிருந்தால் நெசவு நல்லது. இடையிடையே ஐதாகத் தோன்றினால் விரைவில் இற்றுப்போகும். மலிவான பருத்தித் துணிக்குக் கனமுள்ளது போன்ற தோற்றத்தைக் கொடுப்பதற்காகக் கஞ்சிப்பசையை மிகுதியாக ஏற்றுவதுண்டு. இரு விரல்களுக்கிடையே துணியைக் கசக்கும்போது வெண்பொடி உதிர்ந்தால், முதற் தோய்ச்சலிலேயே அதன் மொத்தம் கரைந்துவிடும் என்று அறிக. சாயத்தைச் சோதிப்பதற்கு ஈரமான வெள்ளை லேஞ்சி போதும். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, துணியின் மூலையில் தேய்த்துப் பாருங்கள்.

பருத்தி நூலின் நுண்மையை 'நம்பர்' என்னும் அளவாற் கூறுவர். ஓர் இறாத்தல் நூலிலே 840 யார் நீளமுள்ள கழிகள் எத்தனை உண்டோ அதுவே அதன் நம்பராகும். 40ஆம் நம்பர் நூலைக் காட்டிலும் 80ஆம் நம்பர் நூல் நுண்ணியது. நுண்ணிய நூற்றுணி மென்மையும் அழகும் உடையது. நாள்தோறும் உழைக்கும் உடைக்கோ சற்றுப் பருமனான நூலே ஏற்றது. மருதமுனை போன்ற இடங்களிலே நெய்யப்படும் கைத்தறிச் சாறங்களையும் சேலைகளையும் இவ்வறிவோடு தெரிந்தெடுக்கலாம்.

பொலியெஸ்ரர் கலந்த துணி சுருங்காது, கசங்காது, விரைவில் உலரும். ஆயினும் வியர்வையை உறிஞ்சாது. நமது வெப்பத்துக்குப் பருத்தி சுகமானது. சீருடை போன்று அடிக்கடி தோய்ப்பவற்றுக்குக் கலப்புத் துணி வசதியானது. 'தனிப் பருத்தி' எனச் சொல்லி விற்ற துணியைப் பற்றி ஐயம் உண்டாயின், வீட்டிலே அதன் ஓரிழையை உருவி இடுக்கியாற் பிடித்துத் தீயிற் காட்டுங்கள். பருத்தி கடதாசி போல் எரிந்து மென்சாம்பலாகும்; பொலியெஸ்ரர் உருகிக் கடினமான மணியாக இறுகும்.

தைத்த உடையாயின் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கத் தயங்கவேண்டாம். தையல் நெருக்கமாயும் நேராயும் உள்ளதா, ஓரத்திலே பிரித்து விடுவதற்குத் துணி மிஞ்சியுள்ளதா, தெறிகள் உறுதியாகத் தைக்கப்பட்டுள்ளனவா, கோடுகளும் கட்டங்களும் தையலின் இரு பக்கத்திலும் பொருந்துகின்றனவா என்பன நோக்கத்தக்கவை. நமது ஆடைத் தொழிற்சாலைகளிலே ஏற்றுமதிக்காகத் தைத்து மிஞ்சிய உடைகளும் உள்ளூர்க் கடைகளுக்கு வருகின்றன. அவற்றுள் குறையற்றவையும் உண்டு. குறை கண்டு ஒதுக்கப்பட்டவையும் உண்டு. குறை எங்கேயென்று தேடுங்கள். தளர்ந்த தெறியாயின் ஐந்து நிமிட வேலை. துணியிலே நூலறுந்திருந்தால் அதனை விட்டுவிடுங்கள்.

பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுதல் மற்றொரு கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்குவோர் கேட்குமிடத்துப் பற்றுச்சீட்டு வழங்க வணிகர் கடமைப்பட்டவர். பின்னர் குறை காணப்பட்டால், அச்சீட்டே கடைக்காரரிடம் பேசுவதற்கும் அதிகாரசபையிடம் முறையிடுவதற்கும் நமக்குத் துணையாகும்.

கடைக்குப் புறப்படுமுன் வீட்டு அலுமாரியைத் திறந்து பார்த்து, எது உண்டு, எது தேய்ந்தது, எது இல்லை என்று ஒரு தாளிலே எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கனவே உள்ள இரண்டு மூன்று உடைகளுடன் சேர்த்து உடுக்கத்தக்க நிறத்தையே தெரிந்தெடுங்கள். தாளில் இல்லாத பொருள் எவ்வளவு மலிவாயினும் மலிவன்று. வாங்கிய பின், வெளிறாதிருக்க உட்புறத்தைத் திருப்பி நிழலில் உலர்த்துதலும், சிறு கிழிசலை அன்றே தைத்தலும் உடையின் ஆயுளை நீட்டும்.

பாடசாலையிலே பல்லாண்டு பணியாற்றியதில் நான் கண்டதொன்றைக் கூறுகின்றேன். வாணிவிழா, ஒளிவிழா போன்ற நாள்களிலே சில பிள்ளைகள் வருவதில்லை. காரணம் கேட்டால் காய்ச்சல் என்பார்கள். தீபாவளிக்கு வாங்கிய உடை அதற்குள் உடுக்கத் தகாததாகிவிட்டது என்பதைப் பிறகுதான் அறிவோம். அப்பிள்ளைகளின் பெற்றோர் துணிக்குச் செலவிடாதவரல்லர். நான்கு உடைக்குச் செலவிட்டவர்கள். அப்பணத்திலே நல்லதாக இரண்டு வாங்கியிருந்தால், அந்தப் பிள்ளை அன்று மேடையிலே நின்று பாடியிருக்கும்.

அடுத்த மலிவு விற்பனை அறிவித்தலைக் காணும்போது, தாளையும் பென்சிலையும் முதலில் எடுங்கள். பணப்பையைப் பின்னர் எடுக்கலாம்.