கரியைக் கழுவினால் மண் காக்கப்படுமா?

2023 ஏப்ரலில் டெல்டா விவசாயிகளின் தூக்கத்தைக் கெடுத்தது ஓர் ஏல அறிவிப்பு. தஞ்சாவூர் மாவட்டம் வடசேரி, கடலூர் மாவட்டம் கிழக்கு சேத்தியாத்தோப்பு, அரியலூர் மாவட்டம் மைக்கேல்பட்டி ஆகிய பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் மத்திய அரசின் பட்டியலில் இடம்பெற்றிருந்தன. எதிர்ப்பு வலுத்ததும் சில நாள்களிலேயே மூன்றும் நீக்கப்பட்டன. ஆனால், 'தூய நிலக்கரி' என்ற பெயரில் இந்தப் பேச்சு மீண்டும் எழக்கூடும். அந்தத் தூய்மை எத்தகையது என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

இந்திய நிலக்கரியில் பெரும்பாலானவற்றில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல் உண்டு. நீரில் கழுவினால் கல்லும் மண்ணும் பிரியும். கரியோடு நுண்துகளாய்க் கலந்த கனிமங்கள் பிரிவதில்லை. அவற்றை நீக்கவே வேதிமுறைகள். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி, பிறகு அமிலத்தில் கழுவினால் கனிமங்களில் பெரும்பகுதி கரைந்து வெளியேறும். மற்றொரு முறை இதற்கு நேர்மாறானது. என்-மெத்தில் பைரோலிடோன் போன்ற கரைப்பானில் கரியின் எரியும் பகுதியைக் கரைத்து வடித்துக்கொள்வார்கள். கனிமங்கள் கசடாகத் தங்கிவிடும். பின்னர் கரைப்பானை ஆவியாக்கி மீட்பார்கள். ஜப்பானில் இவ்வழியில் சாம்பல் ஏறக்குறைய இல்லாத 'ஹைப்பர்கோல்' உருவாக்கப்பட்டது.

ஆய்வகத்தில் இது வெற்றிதான். ஆனால், விலை மிகுந்த கரைப்பானை வீணாகாமல் மீட்க வேண்டும்; அதற்கு வெப்பம் வேண்டும்; அமிலமும் காரமும் கலந்த கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும். அனல் மின்நிலையங்களுக்குக் கட்டுப்படியாகாததற்கு இவையே காரணம்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் குறையோ வேறு. அதில் சாம்பல் குறைவு. எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். அதற்குத் தேவை உலர்த்துதலே அன்றி, சாம்பல் நீக்கும் கரைப்பான் அல்ல.

எந்த முறையும் கரியை வெட்டியெடுத்த பிறகே தொடங்குகிறது. நெய்வேலியில் கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்துடன் நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இடைவிடாது இறைத்தால்தான் சுரங்கம் இயங்கும். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படாத ஆண்டுகளில், ஆழ்துளைக் கிணற்றை நம்பிக் குறுவை நடும் டெல்டாவில் அப்படி நீரை இறைத்தால் வயலுக்கு என்ன மிஞ்சும்?

2020-இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வடசேரிக்கும் சேத்தியாத்தோப்புக்கும் அரணாக நிற்கிறது. அச்சட்டம் இயற்றப்பட்டபோது அரியலூர் மாவட்டம் அதில் சேர்க்கப்படவில்லை. மைக்கேல்பட்டிக்கும் அந்த அரண் கிடைக்க வேண்டும். கரியைத் தூய்மையாக்க வேதியியலால் முடியும். வற்றிய நிலத்தடி நீரை மீட்டுத்தர அதனால் முடியாது.