யூலிஷைப் பார்த்துவிட்டுக் கூடங்குளத்தைக் கேட்போம்

நான் வேலை பார்க்கும் கொலோனிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்கிறது யூலிஷ். அங்கிருந்த சிறிய அணு உலையை 1988-லேயே மூடிவிட்டார்கள். ஆனால் அதிலிருந்து வந்த ஏறக்குறைய 3 லட்சம் எரிபொருள் உருண்டைகள், 152 காஸ்டர் பெட்டகங்களில் அங்கேயே தங்கிவிட்டன. கிடங்கின் உரிமம் 2013-ல் முடிந்தது. நிலநடுக்கம் வந்தால் தாங்குமா என்பது நிரூபணமாகவில்லை என்று 2014-ல் மாநில அரசு காலி செய்யச் சொன்னது. எங்கே கொண்டுபோவது என்ற இழுபறி அதற்கப்புறமும் பத்து வருசத்துக்கு மேல் ஓடியது.

நமக்கென்ன என்கிறீர்களா? கூடங்குளத்துக்கு வாங்க.

எரிந்து முடிந்த எரிபொருள் உலையை விட்டு வந்த பிறகும் பல வருசம் சூட்டைக் கக்கும். அதனால் ஆழமான நீர்த்தொட்டியில் வைக்கிறார்கள். தண்ணீர் சூடேறாமல் இருக்க பம்ப் ஓடணும். பம்ப் ஓட கரண்ட் வேணும். 2011-ல் ஃபுகுஷிமாவில் கரண்ட் போனபோது நாலாம் உலையின் தொட்டியை நினைத்து உலகமே பதறியது. உலர் பெட்டகத்துக்கு அந்தக் கவலை இல்லை, காற்றே போதும். ஆனால் முதல் சில வருசம் தொட்டியைத் தவிர்க்க முடியாது.

உலைக்கு வெளியே தனிக் கிடங்கு வேண்டும் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பு. ஐந்து வருசக் கெடு தாண்டியது. 2019 ஜூலையில் நடக்கவிருந்த கருத்துக்கேட்பு எதிர்ப்பால் தள்ளிப்போனது. திட்டமிட்ட கிடங்கும் நீர்த்தொட்டிதான்.

இது கழிவல்ல, மறுசுழற்சிக்கான மூலப்பொருள் என்கிறது அரசு. சரி, எந்த ஆலையில், எந்த வருசம்? அதுவரை தொட்டியில் எவ்வளவு சேரும்? கரண்ட் போனால் மாற்று என்ன? இடிந்தகரை மீனவருக்குப் புரியும் தமிழில் பதில் வரட்டும். உலை ஓடுவது சில பத்தாண்டுதான்; காவல் காப்பது பேரப்பிள்ளைகள்.