சைக்கிள் பழுது பார்க்கப் பழகுவோம்!

1991-ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம், எழுதப் படிக்கக் கற்க வந்த கிராமப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொடுத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத் இதற்குப் பெரிதும் ஊக்கமளித்தார். கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள் எனப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஏறினர். பேருந்துக்குக் காத்திராமல் தாங்களே போய்வரத் தொடங்கினர்.

ஆனால், ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதுமா? பர்கூரை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து 5 கி.மீ. சைக்கிளில் பள்ளிக்கு வரும் மாணவியை எண்ணிப் பாருங்கள். வழியில் முள் குத்திவிட்டது. அருகில் கடை இல்லை. அன்றைய பள்ளி போயிற்று! அடிக்கடி இப்படி நேர்ந்தால் வீட்டில் படிப்பையே நிறுத்தச் சொல்லக்கூடும். ஆகவே பழுது பார்க்கவும் பழக வேண்டும்.

வகுப்பு நடத்துவது எப்படி?

நான்கு சனிக்கிழமைகள் போதும். உள்ளூர் சைக்கிள் கடைக்காரரை ஆசிரியராக அழையுங்கள். ஐந்து பேருக்கு ஒரு பழைய சைக்கிள். பார்ப்பது மட்டும் பாடமாகாது. ஒவ்வொருவரும் தம் கையால் கழற்றி மாட்ட வேண்டும்.

முதல் வாரம் பஞ்சர். காற்றடைத்த ட்யூபை நீரில் அமிழ்த்துங்கள். குமிழி வரும் இடமே ஓட்டை. அங்கே உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஈரப்பசை போனபின் ஒட்டை ஒட்டுங்கள். அவசரப்பட்டால் பிடிக்காது.

இரண்டாம் வாரம் வால்வு. காற்றடிக்கும்போது அதன் ரப்பர்க் குழாய் விரிந்து காற்றை உள்ளே விடுகிறது. அடிப்பதை நிறுத்தியதும் ட்யூபின் அழுத்தமே ரப்பரைத் துளைமேல் அழுத்தி மூடிவிடுகிறது. ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். சில காசுச் செலவுதான்!

மூன்றாம் வாரம் செயின். உங்கள் அளவுகோலின் அங்குலப் பக்கத்தை எடுங்கள். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், அதிலிருந்து 24-ஆவது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தாண்டினால் செயினை மாற்றும் வேளை வந்துவிட்டது. இரும்பு நீண்டுவிட்டதா? இல்லை! ஒவ்வொரு மூட்டும் சுமார் 0.07 மி.மீ., அதாவது ஒரு தலைமயிர் அளவே தேய்ந்துள்ளது. 24 மூட்டுகளின் தேய்மானம் சேர்ந்து கண்ணுக்குத் தெரிகிறது.

நான்காம் வாரம் பிரேக். வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அதே பிரேக்கில் நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும். பர்கூர் வழியே செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கிடையே இது உயிர்ப் பிரச்சினை. தேய்ந்த பிரேக் கட்டையை உடனே மாற்றுங்கள். ரிம்மில் எண்ணெய் படக்கூடாது. உராய்வே அங்கு நம் காவலன்.

ஓர் எச்சரிக்கை: இடது பெடலின் மரை எதிர்ப்புறமாக வெட்டப்பட்டது. கழற்ற, ஸ்பானரைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்புங்கள். வலது பெடலைப்போல் திருப்பினால் இன்னும் இறுகும்!

வகுப்பு முடிந்ததும் தேர்வு உண்டு. ஒவ்வொருவரும் தம் தெருவில் ஒருவருக்காவது பஞ்சர் ஒட்டக் கற்றுத்தர வேண்டும். தங்கையிடமிருந்தே தொடங்குங்களேன்!