வேலைக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு பொறுப்பாளர்

‘திட்ட மேலாண்மை’ என்றதும், அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம், நமக்கு எதுக்கு என்று நினைப்போம். ஆனால் பத்து உழவர்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கிய அன்றைக்கே அது நமக்கும் தேவையாகிவிடுகிறது. தனி ஆளுக்கு வேலைக்கணக்கு மனசிலேயே இருக்கும். பத்துப் பேர் சேர்ந்தால் பத்து மனசில் பத்து விதமாக இருக்கும்.

நம்ம மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பாருங்கள். 1960-களில் கட்டியது. பறளியாற்றுக்கு மேலே 28 தூண்கள், 115 அடி உயரம். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். உழவன் கண்ணுக்கு அது பட்டணங்கால்வாயின் ஒரு துண்டு. இக்கரையிலும் அக்கரையிலும் கால்வாய் வெட்டியாச்சு, நடுவில் தொட்டி மட்டும் முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அக்கரை வயலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது; வெட்டிய செலவெல்லாம் முடங்கிக் கிடக்கும். எந்த வேலை நின்றால் மற்ற வேலையெல்லாம் வீணாகுமோ, அதை முதலிலேயே கண்டுபிடித்துக் கண்வைப்பதுதான் திட்ட மேலாண்மையின் முதல் பயன்.

வங்கியில் இருந்தபோது குழுக் கடன் விண்ணப்பங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு பணம் வேண்டும் என்பது தெளிவாக இருக்கும். எந்த மாதம் எந்த வேலை, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

இன்றைக்கு இது இன்னும் முக்கியம். 2020-ல் வந்த 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், சமவெளிப் பகுதியில் குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 3 வருஷத்துக்கு 18 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். நாலாவது வருஷம் சம்பளம் எங்கிருந்து வரும்? இதை முதல் வருஷமே கணக்குப் போடாத அமைப்பு, பணம் நின்றதும் பூட்டுப் போட வேண்டியதுதான்.

சரி, திட்டம் எப்படிப் போடுவது? முடிவில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கன்னிப்பூவுக்கு வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் அணை திறப்பார்கள். ஜூன் 10-ல் நடவு என்றால், தக்கைப்பூண்டை மே 25-க்குள் மடக்கி உழ வேண்டும். அது 45 நாள் வளர வேண்டும். ஆக ஏப்ரல் 10-ல் விதைப்பு. விதை ஏப்ரல் 1-ல் கையில் இருக்கணும். நாற்றங்கால் மே 17 வாக்கில். அதற்குக் கிணற்றுத் தண்ணீர் யாரிடம் உண்டு? குழுவுக்கு ஒரே டிராக்டர் என்றால், யார் வயலில் எந்தத் தேதி உழவு? இதைத்தான் முதலில் எழுத வேண்டும். டிராக்டர் பிந்தினால் எல்லாருக்கும் நடவு பிந்தும். கன்னிப்பூ பிந்தினால் கும்பப்பூவும் பிந்தும்.

சான்றிதழும் அப்படித்தான். பங்கேற்பு உத்தரவாத முறையில் குறைந்தது 5 உழவர்கள் சேர்ந்து, ஒருவர் வயலை ஒருவர் பார்வையிட்டு உறுதி சொல்ல வேண்டும். மாற்றக் காலம் வருஷக் கணக்கில் ஓடும். அறுவடைக்குப் பிறகு சான்றிதழைப் பற்றி யோசித்தால், அந்த நெல் சாதாரண விலைக்குத்தான் போகும்.

இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு சார்ட் அட்டை போதும். ஐந்து பத்தி போடுங்கள்: என்ன வேலை, அதற்கு முன் முடிய வேண்டியது எது, யார் பொறுப்பு, எந்தத் தேதி, எவ்வளவு பணம். பொறுப்பாளர் பத்தியில் ‘அனைவரும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எல்லாரும் பொறுப்பு என்றால் ஒருவரும் பொறுப்பில்லை; ஒரே ஒரு பெயர் எழுதுங்கள்.

மழை நம் அட்டையைப் பார்த்துப் பெய்யாது, உண்மைதான். அதனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூடி, தேதிகளைத் திருத்துங்கள். பிந்தியவரைக் குற்றம் சொல்ல அந்தக் கூட்டம் வேண்டாம்; அவருக்கு என்ன தடை, யார் கைகொடுப்பது என்று மட்டும் பேசுங்கள். வரப்போகிற கூட்டத்திலேயே உங்கள் குழுவின் அட்டையை எழுதிச் சுவரில் மாட்டிவிடுங்கள்.