உடுக்க ஒன்றுமில்லை!

நிறைந்த அலுமாரியின் முன் நின்று, "உடுக்க ஒன்றுமில்லையே" என்று சலித்துக்கொள்ளாத பெண்மணிகள் நம்மிடையே மிகச் சிலரே. கலியாண அழைப்பிதழ் வீட்டுக்கு வந்த அன்றே இக்குறை தலைதூக்கும். உடனே கடைக்குச் செல்வோம். புதிய சேலை ஒன்று வரும். அலுமாரிக் கதவு முன்னிலும் இறுக்கமாக மூடும். அடுத்த கலியாணத்தின்போது மீண்டும் அதே சலிப்பு! இதற்குக் காரணம் யாது? உடுப்புக் குறைவன்று, மிகுதியே காரணம். வேண்டியது வேண்டாததன் அடியிற் கிடக்கின்றது. ஆதலால், புதிது வாங்குமுன் உள்ளதை ஒழுங்கு செய்தல் வேண்டும். அவ்வாறு செய்பவர் இடவசதியை மாத்திரமன்றி, தமக்குப் பொருந்துவது எது என்னும் அறிவையும் பெறுவர்.

பிறநாட்டாரும் இதனை உணர்ந்துள்ளனர். அமெரிக்க ஆடை வடிவமைப்பாளரான டொனா கரன், ஒன்றோடொன்று மாற்றி மாற்றிச் சேர்த்து அணியத்தக்க ஏழு உடைகளே ஒரு பெண்ணுக்கு அடிப்படையாகப் போதும் என்ற எண்ணத்தை 1985 இல் அறிமுகஞ் செய்தார். யப்பானியப் பெண்மணியான மரி கொண்டோவின் நூல் 2014 இல் ஆங்கிலத்தில் வெளிவந்து உலகெங்கும் பரவியது. உடுப்புகள் யாவற்றையும் ஓரிடத்தில் குவித்து, ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, உள்ளத்துக்கு மகிழ்ச்சி தருவதை மாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் கூறும் வழி. நல்ல வழிதான், எனினும், நம் வீட்டு அலுமாரிக்கு அதனை அப்படியே பொருத்த முடியாது.

ஏன் சேர்க்கின்றோம்?

நம் அலுமாரியிலுள்ளவை யாவும் நாமே தெரிந்து வாங்கியவை அல்ல. பூப்புனித நீராட்டு விழாவுக்கு உறவினர் எல்லோரும் ஒரே நிறத்தில் எடுத்த சேலை, தீபாவளிக்குக் கிடைத்தது, கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகள் அன்போடு அனுப்பிய கம்பளிச் சட்டை என்று பலவும் அங்கே குடிபுகுந்து விடுகின்றன. கொடுத்தவர் மனம் நோகுமே என்று அவற்றை வைத்திருக்கின்றோம்.

இதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில், கொட்டும் மழையில், கைக்கெட்டியதை ஒரு பையில் அள்ளிக்கொண்டு வீடுகளை விட்டுப் புறப்பட்டனர். அந்தப் பையில் அடங்காத கூறைச் சேலைகள் எத்தனை! அம்மாவின் கைபட்ட பெட்டகங்கள் எத்தனை! அவ்வாறு இழந்த ஒருவர், பின்னர் ஒரு கிழிந்த சட்டையைத் தானும் எறிய மறுத்தால் அதனைப் பேராசை என்று கூறலாமா? அது மனத்திலுள்ள காயத்தின் தழும்பு. ஆகவே, ஒழுங்கு செய்யப் புகும் இளையோருக்கு முதல் விதி இதுவாகும்: பிறர் அலுமாரியில் அவர் அனுமதியின்றிக் கைவைக்கலாகாது. அம்மாவும் அம்மம்மாவும் ஊரில் இல்லாத வேளையில் அவர்தம் பெட்டியைச் "சுத்தம்" செய்தல் உதவியன்று. மீண்டும் ஓர் இழப்பாகும். அருகில் அமர்ந்து, ஒவ்வொன்றின் கதையையும் கேட்டுக்கொண்டே மடித்துக் கொடுங்கள். சொல்லி முடித்த பின்பு, "இதை யாருக்காவது குடு பிள்ளை" என்று அவர்களே எடுத்து நீட்டுவதும் உண்டு.

நான்கு குவியல்கள்

இவ்வேலைக்கு ஈரமற்ற நாள் வேண்டும். கொழும்பில் உள்ளவருக்கும் யாழ்ப்பாணத்தவருக்கும் மாசி மாதம் ஏற்றது. கிழக்கில் மழை ஓயச் சற்றுத் தாமதமாகலாம். ஒரே நாளில் முழு வீட்டையும் கலைத்துவிடாமல், ஒரு தட்டை மாத்திரம் முதலில் எடுங்கள். நிலத்தில் பாயை விரித்து, அதன்மேல் நான்கு குவியல்களாகப் பிரியுங்கள்.

சென்ற ஓராண்டில் உடுத்தவை முதலாவது. தைத்தாலோ தளர்த்தினாலோ உடுக்கக் கூடியவை இரண்டாவது. பிறருக்குப் பயன்படுபவை மூன்றாவது. உடுக்காவிடினும் பிரிய மனமில்லாதவை நான்காவது. எந்தக் குவியலென்று ஐயம் எழுந்தால், அதனை உடுத்துப் பாருங்கள். கண்ணாடி முன் நின்றாற் போதாது; இருந்து பாருங்கள்; கையை உயர்த்திப் பாருங்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்க இயலாத சட்டை எவ்வளவு அழகாயினும் அலுமாரிக்கே உரியதாகிவிடும். இரண்டாவது குவியலை அந்த வாரமே தையற்காரரிடம் கொடுத்துவிடுங்கள். நல்ல தையற்காரர் இரவிக்கையின் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைத்திருப்பார்; அதனைப் பிரித்தால் ஓர் அங்குலமாவது தளரும்.

இனி, முதலாவது குவியலை மீண்டும் பாருங்கள். உங்கள் இரசனையின் உண்மை முகம் அங்கே தெரியும். நாகரிகப் பத்திரிகைகள் எதைக் கூறினும், நீங்கள் மனமுவந்து திரும்பத் திரும்ப உடுத்தவை இரண்டு மூன்று நிறங்களிலும், ஓரிரு வகைத் துணிகளிலும், ஒரே விதமான கழுத்து வெட்டிலும் அடங்கியிருக்கக் காண்பீர்கள். பலருக்கு அது நம் வெயிலுக்கேற்ற பருத்தியாகவே இருக்கும். மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்று பத்து முறை தோய்த்த பின் உடலோடு ஒட்டி நிற்கும் இதம், பளபளக்கும் செயற்கை இழைக்கு வருமா? "ஆள் பாதி, ஆடை பாதி" என்பர். அந்தப் பாதி ஆடையும் பிறருடைய ஆடையாக இராமல் நம்முடையதாக இருத்தல் வேண்டுமன்றோ?

பேணும் முறை

நான்காவது குவியலுக்கு ஓர் எல்லை வையுங்கள். ஒரு பெட்டி போதும். கூறைச் சேலைக்கு அதில் முதலிடம். காலஞ்சென்ற அன்னையின் சேலைகள் யாவற்றையும் பூட்டி வைப்பதிலும், ஒன்றிரண்டை எடுத்து உடுப்பதே அவருக்குச் செய்யும் மரியாதையாகும்.

பட்டைப் பொலித்தீன் பையில் இடாதீர்கள். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியிற் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, நிழலிற் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் பட்டு, அம்மடிப்பிலேயே விண்டுவிடும். சரிகையின் மேல் வாசனைத் திரவியம் தெளித்தலாகாது. அதிலுள்ள வெள்ளி கறுக்கும்.

பூச்சிக்கு நப்தலின் உருண்டை இடுபவர்கள் தாய்மார்களாயின் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும். ஜீ-6-பீ-டீ என்னும் நொதியக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் சிலர் உளர். நப்தலின் ஆவி ஏறிய துணியிற் சுற்றப்படும்போது அவர்களது செங்குருதிக் கலங்கள் சிதைந்து, கடுமையான செங்கண்மாரி உண்டாகலாம். அது முற்றினால் மூளையையும் பாதிக்கும். பச்சைக் குழந்தையின் துணிகளுக்கருகில் அவ்வுருண்டையை வைக்கவே வேண்டாம். உலர்ந்த வேப்பிலையை ஒரு சிறு துணியில் முடிந்து வைத்தல் நம் முன்னோர் கண்ட வழி.

கொடுக்கும் முறை

2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர் நாகபட்டினக் கரையோரத்துக்கு வந்து சேர்ந்த பழைய உடுப்புகள், உடுப்பாரின்றித் தெருவோரங்களிற் குவிந்து கிடந்தன. உற்றாரையும் வீட்டையும் இழந்து நின்ற மக்களும் கந்தலை ஏற்க மறுத்தனர். ஏழ்மைக்கும் தன்மானம் உண்டு. ஆதலின், கொடுப்பதைத் தோய்த்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுங்கள். நாம் உடுக்க வெட்கப்படும் ஒன்றைப் பிறருக்கு நீட்டுதல் ஈகையன்று. கிழிந்த பருத்திச் சேலைக்கும் வீட்டிலே பயனுண்டு. நைந்து மென்மையான பகுதி குழந்தைத் துணியாகும், எஞ்சியது அடுக்களைக்கு உதவும்.

ஒழுங்கு செய்த அலுமாரியை ஒழுங்காகவே வைத்திருப்பது வீட்டில் அன்று, கடையில் தீர்மானிக்கப்படும். விரித்துக் காட்டிய சேலை கண்ணைப் பறிக்கும்போது, "வீட்டிலுள்ள எந்த இரவிக்கையோடு இதனை உடுப்பேன்? கலியாணத்துக்குப் பின் வேறெங்கே உடுப்பேன்?" என்று உங்களையே கேளுங்கள். விடை உடனே வருமாயின் மகிழ்வோடு வாங்குங்கள். வராவிடில், அந்தச் சேலை கடைக்காரரின் அலுமாரியிலேயே இருக்கட்டும்!