உதகைப் பூங்காவிலிருந்து மண் கொண்டுவர வேண்டாம்

அறுவடை முடிந்து, குடும்பத்தோடு ஒரு நாள் உதகை தாவரவியல் பூங்காவைச் சுற்றிப் பார்ப்பது நல்லதே. 1848-ல் மெக்ஐவர் அமைத்த பூங்கா அது. கல்லாகிப்போன அடிமரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தவறக்கூடாது.

திரும்பும்போதுதான் எச்சரிக்கை தேவை. நீலகிரி உருளைக்கிழங்கு வயல்களில் தங்க நூற்புழு இருப்பது 1961-ல் கண்டறியப்பட்டது. கடுகிலும் சிறிய இதன் கூடு ஒன்றில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். உருளை பயிரிடாவிட்டாலும் இவை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தாக்கப்பட்ட செடிகள் திட்டுத் திட்டாகக் குன்றி மஞ்சளாகும். கிழங்கு சிறுத்து விளைச்சல் குறையும்.

ஆகவே, உருளை பயிரிடும் விவசாயிகள் வழியில் விற்கும் மலைமண் தொட்டிச் செடிகளையும், மலிவாகக் கிடைக்கும் விதைக்கிழங்கையும் வாங்கிவரக் கூடாது. வீட்டில் பூச்செடிக்கு ஆசைப்பட்டால் விதைப் பொட்டலம் வாங்கலாம். செருப்பில் ஒட்டிய சேற்றை மலையிலேயே கழுவிவிட்டு வண்டி ஏறவும்.